பத்முவுக்குப் போகாத படகு

கிரேக்கத்தின் கோஸ் தீவுக்குப் போவதென்று முடிவான அன்றே, லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சண்டை தொடங்கிவிட்டது. கோஸைப் பற்றி யாருக்கும் மறுப்பில்லை. அங்கே நிற்கிற ஒரு வாரத்தில் ஒரு நாளைக்குப் படகெடுத்துப் பக்கத்துத் தீவு ஒன்றைப் பார்த்து வருவது. எந்தத் தீவு என்பதுதான் சண்டை.

என் மனைவி ஜெசிந்தாவுக்குப் பத்மு தீவு. அருளப்பர் திருவெளிப்பாட்டை எழுதிய குகை அங்கேதான் இருக்கிறது. அவள் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவை நடத்துகிறவள். யாரையும் கேட்காமல் பாதரிடம் பத்முவுக்குப் போவதாகச் சொல்லி, எல்லோருக்காகவும் அங்கே மெழுகுதிரி கொளுத்துவதாக வாக்கும் கொடுத்துவிட்டாள். அவளுடைய தமையன் பஸ்தியான் அண்ணைக்கு நிசிரோஸ். அங்கே ஓர் எரிமலை இருக்கிறது. எனக்கு எந்தத் தீவும் வேண்டாம். கட்டிலும் ஒரு ஜன்னலும் போதும்.

“எரிமலை பாக்கிறதுக்கு ஆரும் கடல் தாண்டிப் போவினமோ?” என்றாள் ஜெசிந்தா, சோற்றைப் போட்டபடி.

“தங்கச்சி, அது உயிரோட இருக்கிற எரிமலை. உள்ளுக்கு இறங்கி நடக்கலாம்.”

“ஏன் இறங்குவான்? நரகம் எப்பிடி இருக்குமெண்டு பாக்கவோ?”

“அருளப்பர் எழுதினதும் அதைப் பற்றித்தானே. நீ குகையில வாசிக்கப் போறாய், நான் நேரில பாக்கச் சொல்லுறன்.”

ஜெசிந்தா அவருடைய சோற்றுக் கோப்பையில் மீன் துண்டு வைக்காமலே கறிச்சட்டியை மூடினாள்.

பஸ்தியான் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் நெடுங்காலம் ஜெர்மனி. அதற்கும் முன்னால், இளந்தாரியாக இருந்தபோது, கிரேக்கர்களுடைய சரக்குக் கப்பலில் வேலை. அந்த வழியில் தனக்குக் கிரேக்க மொழி தண்ணீர்பட்ட பாடு என்று எந்தக் கலியாண வீட்டிலும் சொல்லுவார். டூட்டிங்கில் அதைச் சோதித்துப் பார்க்க ஆளில்லை. நாங்கள் கிரேக்கத்துக்குப் புறப்பட்டதே அவருடைய கிரேக்கத்தை நம்பித்தான்.

நான் லண்டனில் ஒரு ரயில் நிலையத்தில் வேலை செய்கிறேன். வண்டி ஏன் வரவில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லுவது என் பொறுப்புகளில் ஒன்று. காரணம் தெரியாதபோதும் சொல்லவேண்டும். அந்தப் பழக்கத்தில் எழுந்து, “அங்க போய் நிலைமையைப் பாத்து அறிவிப்பம்” என்றேன். சண்டை நின்றது.

கோஸில் முதல் நாள் வெயில். லண்டனில் நாங்கள் வெயில் என்று சொல்லுவது இதனுடைய ஒன்றுவிட்ட தம்பி. இரண்டாம் நாள் கருகிய கணவாய்க்கால் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். “எலுமிச்சம்புளி விட்டால் எல்லாம் சரி எண்டு நினைக்கிறாங்கள், மிளகாய் எண்டு ஒரு சாமான் இருக்கிறது இவங்களுக்குத் தெரியாது” என்றாள் ஜெசிந்தா. ஆனால் கோப்பையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எனக்கு வேறொன்று உறுத்தியது. பஸ்தியான் அண்ணை கிரேக்கம் பேசவே இல்லை. பரிமாறும் பெடியனிடம் ஆங்கிலம், பஸ் சாரதியிடம் ஆங்கிலம். ஒரு கிழவி வழி கேட்டபோது வானத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன்.

“இவங்கள் பேசுறது தீவுப் பாஷை, ராசன். நான் படிச்சது கப்பல் பாஷை.”

மூன்றாம் நாள் பின்னேரம் தீவுப் படகுக்குச் சீட்டு எடுக்கத் துறைமுகத்துக்குப் போனோம். ஜெசிந்தா ஒரு மரத்தடி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, “அண்ணை, உங்கட கிரேக்கத்தில ரெண்டு தீவையும் விசாரியுங்கோ. ஆனா பத்முவை முதலில கேளுங்கோ” என்று உத்தரவு போட்டாள். தப்ப வழியில்லை. அண்ணை சட்டைக் கொலரை நேராக்கிக்கொண்டு சீட்டு விற்கும் கூண்டுக்குப் போனார். நான் பின்னாலே போனேன்.

உள்ளே ஓர் இளம்பெண். அண்ணை தலையைச் சாய்த்து, கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில், நீளமான ஒரு கிரேக்க வாக்கியத்தைச் சொன்னார். அவளுடைய பேனை அந்தரத்தில் நின்றது. கன்னம் சிவந்தது. பிறகு ஆங்கிலத்தில், அதுவும் கிழக்கு லண்டன் ஆங்கிலத்தில், கேட்டாள்:

“அங்கிள், இதை எங்கே படிச்சீங்க?”

அவள் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் சில வருடங்கள் வேலை செய்தவளாம். அங்கிள் என்ற சொல்லும் அங்கே பிடித்ததுதான்.

“கப்பலில்” என்றார் அண்ணை.

“அப்படித்தான் நினைத்தேன். இதில் ஒரு கழுதை வருகிறது, ஒரு பாதிரியாரின் தாடி வருகிறது. இரண்டும் என்ன செய்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் அப்பா சுத்தியலால் விரலில் அடித்துக்கொண்டால்கூட இந்த அளவுக்குப் போகமாட்டார்.”

அண்ணை அசையவில்லை. “நிசிரோஸ், மூன்று பேர்” என்றார் ஆங்கிலத்தில்.

சீட்டைக் கொண்டுபோய் ஜெசிந்தாவிடம் கொடுத்து, “பத்துமுப் படகு நாளைக்கு ஓடாதாம், தங்கச்சி. காத்தாம்” என்றார். பதற்றத்தில் தீவின் பெயரைக்கூட நீட்டிவிட்டார். எங்களுக்கு முன்னால் கடல் கோப்பையில் ஊற்றிய பால் மாதிரிக் கிடந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. மச்சானைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற பெருந்தன்மை என்று எழுத ஆசைதான். ஆனால் பத்முப் படகு விடியமுன் புறப்படுகிறது, நிசிரோஸ் படகு காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதைக் கூண்டில் ஒட்டியிருந்த பலகையில் நான் முதலே வாசித்திருந்தேன்.

அடுத்த நாள் படகு பிந்தியது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிந்தின வண்டிக்கு நான் பொறுப்பில்லை. அந்த இன்பத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒரு ஜெர்மன்காரர் என்னிடம் வந்து ஏன் தாமதம் என்று கேட்டார். என் முகத்திலேயே எழுதியிருக்கிறதோ என்னவோ. “இயக்கக் காரணங்கள்” என்றேன். அவர் திருப்தியோடு போனார்.

நான் சிரித்துக்கொண்டு திரும்பியபோது ஜெசிந்தா அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றாள். பலகை ஆங்கிலத்திலும் இருந்தது. பத்முவின் கிரேக்கப் பெயரான பட்மோஸுக்கு எதிரே, புறப்பட்டுவிட்டது என்று போட்டிருந்தது.

“காத்து எண்டியள்?”

அண்ணை பலகையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். “அது... காத்துக்கும் ஓடுற படகாக்கும்” என்றார்.

“பாதருக்கு நான் என்ன சொல்லுறது?”

படகு வந்ததும் ஜெசிந்தா முன்பக்கத்தில் ஒரு நோர்வே குடும்பத்துக்கு நடுவில் போய் இருந்துகொண்டாள். எங்கள் இருவருக்கும் இடமில்லாதபடி பையையும் தொப்பியையும் இரண்டு பக்கமும் வைத்தாள்.

நாங்கள் பின்தட்டுக்குப் போனோம். இயந்திரச் சத்தத்துக்குள் அண்ணையைப் பிடித்தேன். “எரிமலைக்காக ஒருத்தரும் இவ்வளவு பொய் சொல்லமாட்டினம். என்ன விஷயம்?”

“ஒரு ஆளைப் பாக்கவேணும்” என்றார். “மனோலிஸ். கப்பல்ல சமையல்காரன். நிசிரோஸ் ஆள். உயிரோட இருக்கிறானோ தெரியாது.”

“இதை நேராச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா கப்பல் கதை வரும். கப்பல் கதை வந்தா அம்மான்ர கதை வரும்.”

அதற்குமேல் அவர் சொல்லத் தேவையில்லை. அவர் கப்பலில் இருந்தபோதுதான் மன்னாரில் அவர்களுடைய தாய் இறந்தார். ஜெசிந்தா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. தமையன் செத்தவீட்டுக்கு வரவில்லை. அடுத்த வருடம், கையில் வானொலிப் பெட்டியோடும் காலில் கூர்ச் சப்பாத்தோடும் வந்து இறங்கினாராம். அம்மா கிடந்த கிடைக்கு இவர் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார் என்று அந்தப் பிள்ளையின் மனதில் விழுந்தது. அண்ணனும் தங்கையும் எரிமலை முதல் மீன்குழம்பு வரைக்கும் சண்டை பிடிப்பார்கள். இதைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு சொல் பேசினதில்லை.

“சரி, அந்தக் கிரேக்கம்?” என்றேன்.

கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எனக்குத் தெரிஞ்சது முழுக்கத் தூசணம், ராசன். நல்ல சொல் ஒண்டுகூடத் தெரியாது.”

நிசிரோஸ் வெள்ளை வீடுகளும் நீலக் கதவுகளுமாகச் சின்னத் துறை. இறங்கியதும் அண்ணை ஊருக்குள் போகத் திரும்பினார். ஜெசிந்தா விடவில்லை. “எரிமலைக்குத்தானே வந்தனாங்கள்? வாங்கோ எரிமலைக்கு” என்று பஸ்ஸில் ஏறினாள். தண்டனை அது. வளைந்து வளைந்து ஏறிய அந்த பஸ்ஸில், சாரதி ஒரு கையால் சிகரெட்டையும் மறுகையால் சைகையையும் கவனித்துக்கொண்டார். ஸ்டியரிங்கை யார் கவனித்தார்களென்று தெரியவில்லை. ஜெசிந்தா செபமாலையை எடுத்தாள்.

எரிமலையின் வாய் ஒரு பெரிய மைதானம் போலக் கீழே விரிந்திருந்தது. சாம்பல் நிலம், மஞ்சள் படிந்த துளைகள், துளைக்குத் துளை ஆவி. கூழ்முட்டை நாற்றம். செருப்பின் அடி சுட்டது. அண்ணை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு மேலே நின்றார். போக மறுப்பாள் என்று நான் நினைத்த ஜெசிந்தாவோ சேலைத்தலைப்பு மாதிரிச் சால்வையை மூக்குக்குக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள். ஒவ்வொரு துளையாக எட்டிப் பார்த்தாள். ஒரு துளை புஸ் என்று சீறியபோது சின்னப்பிள்ளை மாதிரிக் கத்திச் சிரித்தாள். பிறகு தமையன் பார்க்கிறார் என்று ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேலே வந்ததும், “பரவாயில்லை” என்றாள். எனக்குத்தான் சொன்னாள்.

திரும்பத் துறைக்கு வந்தபோது படகு போக நேரம் அதிகமில்லை. வெயிலுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது குடிப்போம் என்று நான் சாட்டுச் சொல்லி ஒரு கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் கிழவர்கள் இருந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணை அவர்களிடம் போய் ஆங்கிலத்திலும் கையாலும் விசாரித்தார். மனோலிஸ். கப்பல்.

ஒருவர் தன்னைக் காட்டினார். அவர் மனோலிஸ். பக்கத்தில் இருந்தவரும் மனோலிஸ். உள்ளே கோப்பி ஊற்றியவரும் மனோலிஸ். மூவரும் கப்பலில் போனவர்கள். எங்களூர்ச் சவேரியார் திருவிழாவில் நின்று சேவியர் என்று கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

“ஆரைத் தேடுறார் இவர்?” என்றாள் ஜெசிந்தா. எனக்குத் தண்ணீர் புரைக்கேறியது.

அண்ணை தவித்தார். கப்பலின் பெயரைச் சொன்னார், ஒருவருக்கும் தெரியவில்லை. சமைக்கிற மாதிரிக் கிண்டிக் காட்டினார். துடுப்பு வலிக்கிறார் என்று கிழவர்கள் நினைத்திருக்கவேண்டும், ஒருவர் படகுத்துறைப் பக்கம் கையைக் காட்டினார். கடைசியில் அவர் நிமிர்ந்து நின்றார். தங்கையை ஒரு தரம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கழுதையும் தாடியும் வருகிற வாக்கியத்தை முழுமையாக, இறக்கம் ஏற்றத்தோடு, ஓங்கிச் சொன்னார்.

சீட்டுகள் மேசையில் விழுந்தன. பிறகு மூன்று மனோலிஸும் ஒரே குரலில் கத்தினார்கள்: “ஆ! அந்த மனோலிஸ்!”

அப்படித் திட்டுகிறவர் அந்தத் தீவில் ஒரே ஒருவர்தானாம். ஒருவர் எழுந்து எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போனார்.

பின்சந்தில் ஒரு முற்றம். திராட்சைப் பந்தலுக்குக் கீழே பெரிய உடம்போடு ஒரு கிழவர் குனிந்திருந்து பாதாம் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அண்ணை வாசலில் நின்று அந்த வாக்கியத்தை இன்னொரு தரம், இந்தமுறை மெதுவாக, சொன்னார். கிழவர் தலையைத் தூக்காமலே அதற்கு அடுத்த வரியைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

“பாஸ்தி?”

அந்த இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்து நின்றதை நான் வர்ணிக்கப் போவதில்லை. பாதாம் கொட்டைகள் முற்றமெல்லாம் உருண்டன. மகள் கத்தெரீனா உள்ளேயிருந்து மாக் கையோடு ஓடி வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும்.

பிறகு மனோலிஸ் ஜெசிந்தாவைக் கண்டார். “தங்கை” என்று மகள் மொழிபெயர்த்தாள். கிழவர் சட்டையை இழுத்துவிட்டார். வலது கையை நெஞ்சில் வைத்தார். பிரபுக்கள் குனிவதுபோல் மெல்லக் குனிந்து, திருத்தமான மன்னார்த் தமிழில், ஒரு சொல் சொன்னார்.

அந்தச் சொல்லை என்னால் இங்கே எழுத முடியாது. மீன் வாடியில் வலை அறுந்தால் கேட்கலாம். கோயில் வளவுக்குள் கேட்டால் கோயிலைப் பராமரிக்கிற சங்கிலித்தாமைக் கூப்பிடுவார்கள்.

அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு விளங்கிவிட்டது. கப்பலில் தூசணம் படித்த ஆள் பதிலுக்குத் தமிழ்த் தூசணம் படிப்பித்தும் இருக்கிறார், அதுவும் வணக்கம் என்று சொல்லி. ஜெசிந்தா அந்தக் கிழவரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு தமையனைப் பார்த்தாள். பாடகர் குழுவில் யாரும் சுருதி பிசகினால் பார்க்கிற பார்வை அது. மறுபடி கிழவரிடம் திரும்பி, இரண்டு கையும் கூப்பினாள்.

“உங்களுக்கும் அப்பிடியே, ஐயா.”

மனோலிஸுக்கு ஆனந்தம். எத்தனையோ காலமாக மனதில் வைத்திருந்த சொல்லுக்கு இன்றைக்குத்தான் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார் என்று மகளிடம் பெருமையடித்தார்.

கத்தெரீனா சுடச்சுடக் கடலை வடை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தாள். கொண்டைக்கடலையை அரைத்து, வெங்காயமும் புதினாவும் போட்டுப் பொரித்தது. மிளகாய் மட்டும் இருந்தால் டூட்டிங்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கலாம். பாதாமில் செய்த சர்பத்தும் வந்தது. ஜெசிந்தா வடையைப் பிட்டபடி, மகளிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: “உங்கள் அப்பா ஏன் என் அண்ணைக்கு இப்படிப்பட்ட கிரேக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார்? நல்ல வார்த்தையே இல்லையா உங்கள் மொழியில்?”

மகள் கேட்டாள். கிழவர் சிரிப்பை நிறுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலத்தில் தந்தாள்.

“கப்பல் நடுச் சமுத்திரத்தில் போனபோது இவனுடைய அம்மா இறந்துவிட்டதாக ரேடியோவில் செய்தி வந்தது. இவன் கேப்டனின் கதவடியில் போய் நின்றான். எங்கேயாவது இறக்கிவிடுங்கள், நான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஆங்கிலத்தில் அழுதான், கேப்டன்தான் எங்களுக்குச் சொன்னார். எங்கே இறக்குவது? சுற்றவரத் தண்ணீர். கதவைப் பூட்டினார்கள். இவன் அங்கேயே இருந்தான். சாப்பாடு இல்லை. பேச்சு இல்லை. கடலைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் குசினியில் என் பக்கத்திலேயே இருத்திவைத்தேன்.”

அண்ணை சர்பத் கிளாசைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இவன் பாஷை எனக்குத் தெரியாது. என் பாஷை இவனுக்குத் தெரியாது. ஆறுதல் சொல்ல எப்படி முடியும்? தூசணத்தை நடித்துக் காட்டலாம். கழுதையாக நடித்தேன். பாதிரியாராக நடித்தேன். தாடிக்குத் தும்புத் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டேன். பல நாள் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் சிரித்தான். சிரித்து முடியுமுன்னே அழுதான். அழுத பிறகு சாப்பிட்டான். அடுத்த நாள் தன்னுடைய பாஷையில் எனக்கு இந்த வணக்கத்தைச் சொல்லித் தந்தான்.”

கத்தெரீனா நிறுத்தினாள். ஜெசிந்தா, “கதவடியில் நின்றார் என்றா சொன்னீர்கள்? இறக்கிவிடச் சொல்லியா?” என்று கேட்டாள். ஓம் என்று மகள் தலையாட்டினாள். ஜெசிந்தா இன்னொரு தரம் கேட்டாள். மகள் இன்னொரு தரம் தலையாட்டினாள்.

ஜெசிந்தா தட்டத்திலிருந்து பெரிய வடையாகப் பார்த்து எடுத்து அண்ணையின் கோப்பையில் வைத்தாள். “ஆறமுன்னம் சாப்பிடுங்கோ” என்றாள்.

படகின் ஊதல் கேட்டது. எழும்பும்போது அண்ணை என் காதில், “அந்தச் சொல்லின்ர அர்த்தத்தை அவனுக்குச் சொல்லிப்போட்டுப் போவமோ? பாவம், ஆருக்கும் சொல்லி அடி வாங்கப் போறான்” என்றார். மெதுவாகச் சொன்னதாக நினைத்தார். ஜெசிந்தாவுக்குக் கேட்டுவிட்டது.

“நீங்கள் சும்மா இருங்கோ” என்றாள். கத்தெரீனாவிடம் திரும்பினாள். “அப்பாவிடம் சொல்லுங்கள். அந்த வணக்கம் மிகவும் நெருங்கிய ஆண்களுக்குள் மட்டும் சொல்லுவது. பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறு சொல் இருக்கிறது.” கிழவருக்கு முன்னால் நின்று, பாட்டுக்குப் பழக்குவதுபோல, வ, ண, க்கம் என்று பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தாள். ‘ண’ வரும்வரைக்கும் விடவில்லை.

மனோலிஸ் துறைவரைக்கும் வந்தார். படகுப் பாலத்தடியில் ஜெசிந்தாவிடம் கை கூப்பி, “வணக்கம்” என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. முதலில் அண்ணையைக் கட்டிப்பிடித்து அந்த மற்றச் சொல்லைச் சொன்னார். அடுத்ததாக என்னைக் கட்டிப்பிடித்து எனக்கும் சொன்னார். இவ்வளவு அன்போடு என்னை யாரும் திட்டியதில்லை. பயணிகள் கோபத்தில் சொன்னதையெல்லாம் கேட்டுப் பழகிய ஆள் நான், அவரைத் திரும்பக் கட்டிப்பிடித்தேன்.

திரும்பும் படகில் ஜெசிந்தா பையையும் தொப்பியையும் மடியில் எடுத்துவைத்துப் பக்கத்தில் இடம் விட்டாள். அண்ணை தயங்கித் தயங்கி வந்து இருந்தார். நிசிரோஸ் சின்னதாகும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

“அண்ணை” என்றாள் ஜெசிந்தா. “அந்த ஆள் உங்களுக்கு முதல் முதல் சாப்பிடத் தந்தது என்ன?”

“மக்கரோனி” என்றார் அவர். “உப்பே இல்லை.”

“சாப்பிட்டனீங்களோ?”

“ரெண்டு கோப்பை.”

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “முதலில இருந்து சொல்லுங்கோ” என்றாள்.

அவர் சொல்லத் தொடங்கினார். இயந்திரச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நானும் கிட்டப் போகவில்லை. நான் கலியாணம் கட்டின நாளிலிருந்து தமையனைப் பேசவிட்டு ஜெசிந்தா குறுக்கிடாமல் இருந்ததைக் கண்டதில்லை. கோஸ் வரும்வரைக்கும் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.